டிராயிங் சாருக்கு ஒரு ரிங் லைட்

பண்பொழியில் ஓய்வுபெற்ற டிராயிங் சார் ஒருவரிடம் அவருடைய புகைப்பட வாழ்க்கையைப் பற்றிப் பேட்டி எடுக்கப் போகிறார் நம் யூடியூப் தம்பி. ஏற்பாடு பலம்: ரெண்டு போன், காலர் மைக், ரிங் லைட், திருமலைக் குமாரசாமி கோயிலுக்கு மேலே பறக்கவிட ஒரு டிரோன் (அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்). கேள்விகளை ஏஐ எழுதிக் கொடுத்துவிட்டது. முதல் கேள்வி, “ஓவியம் சொல்லித்தந்த நீங்க எப்படி சார் கேமரா பக்கம் வந்தீங்க?”

என்னவோ சார் சுவரேறிக் குதித்து வந்த மாதிரி. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியிலேயே புகைப்படமும் பாடமாக இருந்தது. 1858இல் லினேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் மதுரைக் கோயிலைப் படமெடுத்தாயிற்று. தம்பியின் பட்டியலில் இதெல்லாம் கிடையாது. சாருக்குப் பிடித்த ‘ஃபில்டர்’ எது என்பது உண்டு.

அந்தக் கால ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். குரூப் போட்டோவில் தலைமையாசிரியர் கண்ணை மூடிவிட்டால், எடுத்தவருக்கு அன்றிரவு கண் மூடாது. தம்பியோ ரிங் லைட்டைச் சோதிக்கவே நூற்றுக்கணக்கில் எடுத்துவிட்டார். எல்லாம் அவர் முகம்.

கடைசிக் கேள்வியும் தயார்: “சார், நல்ல போட்டோ எடுக்க எந்த போன் வாங்கலாம்?”