ஏலத்தில் ஏறும் எளிய பேனா

(இந்த வாரக் கேள்விகள் செஞ்சி வட்டாரத்திலிருந்து)

கேள்வி: பள்ளிக்கூடத்தில் எல்லோர் சட்டைப்பையிலும் இருந்த ஹீரோ பேனாவுக்கு இன்று இணையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். உள்ளே தங்கமா இருக்கிறது?
– அரசு ஊழியர், செஞ்சி

பதில்: மூடியில் தங்க நிறம் இருக்கிறது, உள்ளே இருப்பது உங்கள் பள்ளிக்கூடம். கேட்கிற தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. ஏலம் முடிந்து பணம் கைமாறிய தொகைதான் விலை. ஏலத் தளங்களில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வசதி உண்டு. அதைத் திறந்தால் பாதி மலைப்பு தீர்ந்துவிடும். இன்னொன்று: ஹீரோ 616 என்பது, 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51ஐப் பார்த்துச் சீனத்தில் செய்தது. அந்த ஹீரோவுக்கே பின்னாளில் போலிகள் வந்து குவிந்தன. நகலுக்கு நகலை வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: விலை உயர்ந்த பேனா ஏறினால் புரிகிறது. மலிவுப் பேனா ஏன் ஏற வேண்டும்?
– கல்லூரி மாணவி, திண்டிவனம்

பதில்: மலிவாக இருந்ததால்தான். பணக்காரப் பேனாவைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். மலிவுப் பேனா பையில் நசுங்கியது, நிப்பு வளைந்தது, பரீட்சை மேசையிலிருந்து விழுந்தது. 1980களில் ரெனால்ட்ஸ் போன்ற பால்பாயிண்ட் பேனாக்கள் பரவியதும் மிச்சம் இருந்தவையும் குப்பைக்குப் போயின. லட்சக்கணக்கில் செய்த பொருளில் பழுதில்லாமல் தப்பியவை சொற்பம்.

ஏலத்துக்கோ கூட்டம் தேவையில்லை, விட்டுக்கொடுக்காத இரண்டு பேர் போதும். முன்பு அந்த இருவரும் ஒரே ஊரில், ஒரே நாளில், ஒரே கடைக்கு வர வேண்டும். இப்போது ஒருவர் செஞ்சியிலும் மற்றவர் சிங்கப்பூரிலும் இருந்தாலே விலை ஏறும்.

உதிரிபாகமும் ஒரு காரணம். அமெரிக்காவின் எஸ்டர்புரூக் சாதாரண மக்களின் பேனா. நிப்பை மட்டும் திருகிக் கழற்றி வேறு மாட்டலாம். நிப்பிலேயே எண் பொறித்திருக்கும், 9இல் தொடங்கும் எண் என்றால் நுனியில் தேயாத கடின உலோகம் வைத்தது. பழையதை வாங்கி, சரிசெய்து விற்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்கும் திறமைக்கும் கூலி கேட்பது நியாயமே. அந்த உழைப்பு இல்லாத அழுக்குப் பேனாவுக்கும் அதே விலை கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைத் தொட்டுப் பார்க்காமல் நான் விலை பேசியதே இல்லை. படத்தைப் பார்த்து எப்படிப் பேனா வாங்குகிறார்கள்?
– ஆட்டு வியாபாரி, செஞ்சி

பதில்: உங்கள் பழக்கம்தான் சரி. ஆட்டின் முதுகெலும்பை விரலால் அமுக்கிச் சதை பார்ப்பீர்கள். பேனாவில் அந்த இடம் நிப்பின் நுனி. நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் கேளுங்கள். இரண்டு பற்களும் சமமாக இருக்கிறதா, நுனியில் கடின உலோகத்தாலான சிறு மணி இருக்கிறதா, நிப்புக்கு அடியிலிருக்கும் நாக்கு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அதற்கும் ஒரு படம் கேளுங்கள். உள்ளே ரப்பர் பை உள்ள பேனா என்றால் அது பெரும்பாலும் இறுகியோ நொறுங்கியோ போயிருக்கும். மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: கடைசி நொடியில் யாரோ தட்டிப் பறித்துவிடுகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், மேல்மலையனூர்

பதில்: உங்கள் உச்ச விலையை முதலிலேயே தீர்மானித்துப் பதியுங்கள். ஈபே போன்ற தளத்தில் நீங்கள் 1,500 ரூபாய் வரை என்று சொல்லி, அடுத்தவர் 900இல் நின்றால், 900க்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். இரண்டாவது ஆளின் விலையைக் கொடுக்கும் ஏலத்தில் மனத்தில் உள்ள விலையை அப்படியே சொல்வதே லாபம் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் எழுதினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் தபால் கூலியையும் சுங்க வரியையும் கழித்துவிட்டு உச்ச விலையைப் போடுங்கள். அதற்கு மேல் ஒருவர் கொடுத்தால் பேனா அவருடையது. நீங்கள் தூங்கப் போகலாம்.

கேள்வி: நம் கோட்டைக்கு யுனெஸ்கோ பெருமை கிடைத்துவிட்டது. தாத்தாவின் பேனாவும் தொல்பொருளா? வெளிநாட்டுக்கு விற்கலாமா?
– இல்லத்தரசி, செஞ்சி

பதில்: 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும். தாத்தாவின் பேனா அந்தக் கணக்கில் வராது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளுக்கு 100 வயதாவது ஆக வேண்டும். ஆனால் வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிக்கு 75 ஆண்டு போதும். அந்த வகையில் வருவதைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. பேனாவைவிட, அதைக்கொண்டு தாத்தா எழுதியவை எங்கே இருக்கின்றன என்று முதலில் தேடுங்கள் அம்மா.

கேள்வி: கறுப்புப் பேனா பழுப்பாகிவிட்டது. விற்கும் முன் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாமா?
– வாசகர், வல்லம்

பதில்: வேண்டவே வேண்டாம். அது எபோனைட், கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் பழுப்பாகும். வெந்நீரில் போட்டால் இன்னும் மோசமாகும். உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளபடியே சொல்லி விற்றுவிடுங்கள்.

கேள்வி: கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஏலத்தில் பழையது வாங்கவா, புதியதா?
– தமிழாசிரியர், செஞ்சி

பதில்: அப்பா வைத்திருந்த அதே பேனா வேண்டும் என்றால் ஏலத்துக்குப் போங்கள், அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். எழுதுவதற்கு என்றால் புதியது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டை இன்றும் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோவில் பேனாவும் வாங்கலாம், பழுதும் பார்க்கலாம். ராஜமுந்திரி ரத்னம் பேனாவுக்கு 1935இல் காந்தியே பாராட்டிக் கடிதம் எழுதினார். பழைய பேனாவுக்கு ஏலத்தில் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயில் ஒரு காசுகூட அதைச் செய்த தொழிலாளிக்குப் போகாது. பட்டறையில் கொடுத்தால் முழுதாகப் போகும், அடுத்த பேனாவும் பிறக்கும். மாணவர்களையும் ஒருமுறை அழைத்துப் போங்கள், பேனா கடைவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

கேள்வி: படம் வரையும் இந்தியன் இங்க்கை மைப்பேனாவில் ஊற்றலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், அனந்தபுரம்

பதில்: கூடாது தம்பி. அதில் அரக்கு இருக்கும், காய்ந்தால் நாக்கு அடைத்துக்கொள்ளும். பேனா மை மட்டும் ஊற்று. கோடை விடுமுறைக்கு மூடி வைக்கும் முன் மையை வடித்துத் தண்ணீரில் அலசி, காயவைத்துவிடு.