தோல்வியியல்: படூர் மாணாக்கர்க்கு வகுத்துரைத்தது

மாணாக்க, சென்னையை அடுத்த படூர்ச் சாலையோரத் தேநீர்க் கடைப் பலகையில் நேராக அமர்ந்து கேள். தோல்வியை ஒன்றெனக் கொள்வோர் கல்லாதார். அது வகையும் விரியும் உடையது. அவ்வகை அறியாது தோற்றவன் முறையாகத் தோற்றவனாகான். அதைக் கண்டு வருந்தியவனின் வருத்தமும் பிழைபட்ட வருத்தமே.

இந்நூலுக்கு நிலைக்களன், 2025-ஆம் ஆண்டின் ஐ.பி.எல். தொடரில் சென்னை சூப்பர் கிங்சு அணி ஆடிய 14 ஆட்டங்கள். வென்றவை 4, தோற்றவை 10, புள்ளி 8, பத்து அணியுள் பத்தாம் இடம். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கிண்ணம் கொண்ட அணி பட்டியலின் அடியில் நின்றது அதுவே முதன்முறை. 2022-இலும் 4 வென்று 10 தோற்றதே எனின், ஆம், தோற்றது. ஆயினும் அப்போது அதற்கு ஒன்பதாம் இடம். கீழே மும்பை இருந்தது. கீழே ஒருவர் இருக்கத் தோற்றல் சார்தோல்வி. கீழே எவரும் இலராகத் தோற்றல் தனித்தோல்வி. முன்னதில் திரும்பிப் பார்க்க ஒரு திசை உண்டு.

ஆடிய அனைத்தும் தோற்றலாகிய முழுத்தோல்வி ஐ.பி.எல். சான்றுகளுள் அகப்படாமையின் அயல்நாட்டிலிருந்து கொள்ளப்பட்டது. அமெரிக்கக் கால்பந்தில் 2008-இல் தெத்ராய்த்து அணியும் 2017-இல் கிளீவ்லாந்து அணியும் 16-க்கு 16 தோற்றன. கிளீவ்லாந்துப் பற்றாளர் அதற்காக 2018 சனவரியில் கடுங்குளிரில் ஊர்வலமே சென்றனர். அந்நாட்டில் இத்துறை நம்மினும் வளர்ந்துள்ளது என்க.

இனி வகை. தோல்வி இரண்டு: துரத்தித் தோற்றல், காத்துத் தோற்றல். சென்னையின் பத்துத் தோல்வியையும் இவ்விரண்டினுள் அடக்கின் ஐந்தும் ஐந்துமாக நிற்கும். இத்துணை நேர்மையாகப் பங்கிட்டுத் தோற்ற அணி வேறொன்று எம் கண்ணில் பட்டதில்லை. துரத்தித் தோற்பின் எஞ்சுவது ஓட்டெச்சம். காத்துத் தோற்பின் எதிரிக்கு எஞ்சுவது பந்தெச்சம்.

ஓட்டெச்சம் வருமாறு: பெங்களூருவிடம் தாயகமாகிய சேப்பாக்கத்தில் 50, இராசத்தானிடம் குவாகாத்தியில் 6, தில்லியிடம் 25, பஞ்சாபிடம் 18, மீண்டும் பெங்களூருவிடம் அவர்தம் ஊரில் 2. கூட்டின் 101. மொய் எழுதுதற்கு ஏற்ற தொகை.

பந்தெச்சத்துள் தலையாயது ஏப்ரல் 11-ஆம் நாள் கொல்கத்தாவுக்கு அளித்தது. சென்னை 9 விக்கெட்டு இழந்து 103; சேப்பாக்கத்தில் அவ்வணி எடுத்தவற்றுள் அதுவே சிறுமை. கொல்கத்தா 61 பந்தில் கணக்கை முடித்தது. எச்சம் 59 பந்து. அன்று படூர் அடுக்ககங்களில் இரவுச் சோற்றுக்கு முன்னரே ஆட்டம் முடிந்தமையால் குழந்தைகள் வேளையோடு உறங்கினர் என்பர். இது தோல்வியின் பயன் என்னும் தனி இயலுக்கு உரியது. ஈண்டு விரிப்பின் பெருகும்.

அடுத்தது அரணழிவு. தொல்லோர் கோட்டை காத்தலை நொச்சி என்றும் முற்றுகையிடலை உழிஞை என்றும் வகுத்தனர். சேப்பாக்கம் நொச்சியார் அரண். அதன் பூட்டு திறந்த முறை மூன்று. பழம்பூட்டுத் திறப்பு: 2008-க்குப் பின் சென்னையை அங்கே வெல்லாதிருந்த பெங்களூரு மார்ச் 28-இல் வென்றது. இடைப்பூட்டுத் திறப்பு: 2010-க்குப் பின் வெல்லாதிருந்த தில்லி ஏப்ரல் 5-இல் வென்றது. கன்னிப்பூட்டுத் திறப்பு: ஒருபோதும் வெல்லாதிருந்த ஐதராபாத்து ஏப்ரல் 25-இல் வென்றது. ஏப்ரல் 30-இல் பஞ்சாபு வந்தபோது திறக்கப் பூட்டு ஏதும் எஞ்சவில்லை. பஞ்சாபின் வீச்சாளர் சகல் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூவரை வீழ்த்தினார். சென்னை அத்தொடரிலிருந்து முதலில் வெளியேறிய அணியாயிற்று. அரணுள் ஆடிய ஆறனுள் வென்றது மும்பையை மட்டுமே.

இனிச் சொல்வதை ஏட்டில் எழுதிக்கொள். பிற நாட்டு நூல்களில் காணப்படாததும் நம் ஊர்க்கே உரியதுமான ஒரு வகை உண்டு. அதற்கு மகிழிழப்பு என்று பெயரிட்டோம். தம் அணியின் மட்டையாளர் ஆட்டமிழந்தமைக்குத் தம் அணிப் பற்றாளரே ஆர்ப்பரித்தல் மகிழிழப்பாகும். அடுத்து இறங்குபவர் தோனி என்பதே அதற்கு ஏது. வெளியேறுபவர் தலை குனிந்து நடப்பார்; அரங்கு எழுந்து நிற்கும். எதிரி வீச்சாளன் தனக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பு என்று நொடிப்பொழுது மயங்குதலும் உண்டு; அது மயங்குமகிழ்வு என்னும் உள்வகை.

மார்ச் 28-இல் இவ்வகை தன் எல்லையைத் தொட்டது. தோனி ஒன்பதாமவராக, அசுவினுக்கும் பின்னர் இறங்கினார். எனவே பற்றாளர் ஏழு இழப்புக்குக் காத்திருந்தனர். இறங்கியவர் 16 பந்தில் 30 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காது நின்றார். அணி 50 ஓட்டத்தில் தோற்றது. கண்டவர் நிறைவுற்ற உள்ளத்தோடு வீடு திரும்பினர். தோல்வியும் நிறைவும் ஒரே மாலையில் ஒரே நெஞ்சில் தங்குதல் இயலுமோ என்று வினவுவாய். படூரில் இயன்றது. அவ்வளவு பின்னே இறங்கியது ஏனெனின், தோனியின் முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு விசையோடு ஆட இயலாது என்று பயிற்றுநர் பிளெமிங் பின்னர் உரைத்தார். 43 அகவையில் எம் முழங்கால் மாடிப்படிக்கே இசையாதது வேறு செய்தி.

தோனி வீரர் ஏலத்துக்கு முன் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டது "நாட்டுக்கு ஆடாதவர்" என்னும் வகையில். ஐந்தாண்டு பன்னாட்டு ஆட்டம் ஆடாத இந்தியர் அவ்வகையுள் அடங்குவர் என்பது நெறி. 2007-இலும் 2011-இலும் உலகக் கிண்ணம் கொணர்ந்த தலைவரை நாட்டுக்கு ஆடாதவர் பட்டியலில் வைத்தவர் எவராயினும் அவர் எம் பள்ளியினர். வகைப்பாட்டுக்கு அத்துணை நெஞ்சுரம் வேண்டும்.

தோல்வி ஊர் வந்து சேரும் முறை இரண்டு: செவித்தோல்வி, கண்தோல்வி. கம்பிவழித் தொலைக்காட்சி உடையோர் முன்னே காண்பர். அலைபேசியில் காண்போர் சில நொடி பின்னே காண்பர். ஆகவே எதிர் அடுக்ககத்திலிருந்து எழும் "ஐயோ" முதலில் செவியில் விழும். அலைபேசியிலோ வீச்சாளர் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார். விளைவறிந்து வினை காணும் இந்நிலை கல்லூரி விடுதி மாணாக்கர்க்கு மிக வாய்க்கும்.

தோற்றபின் சொல்வது ஆற்றுமொழி. களம்பழித்தல் மூத்தோர்க்கு உரியது. சேப்பாக்கத்தில் தாயகப் பயன் ஏதும் இல்லை என்று பிளெமிங்கே சொல்லியிருத்தலின் அது சான்றுடைத்து. ஏலம்பழித்தல் சிறுசேரிக் கணினித் தொழிலர்க்கு உரியது. அவர், 2024 நவம்பரில் செட்டா நகரில் நடந்த ஏலத்தில் சென்னை அணி அசுவினுக்கு ஒன்பதே முக்கால் கோடி கொடுத்ததைப் பகுத்து, ஒரு விக்கெட்டுக்கு இவ்வளவு என்று தாள் நீட்டுவர். முழங்கைபழித்தல், தலைவர் ருதுராசு குவாகாத்தியில் அடிபட்டு விலகியது பற்றி வரும். நடுவர்பழித்தல், மே 3-இல் பெங்களூருவில் சென்னை மட்டையாளர் பிரேவிசு மேல்முறையீடு கேட்குமுன் நேரம் கடந்தது என்று மறுக்கப்பட்டதைப் பற்றி வரும். இரண்டே ஓட்டத்தில் தோற்றமையால் இது நெடுநாள் அழியாது. பழஞ்சிறப்பு மொழிதல், விரல் ஐந்தையும் விரித்துக் காட்டுதல். இதற்குச் சொல் வேண்டா. "அடுத்த ஆண்டு பார்" என்பது எல்லார்க்கும் பொது. ஏப்ரல் முதல் கிழமையிலேயே அதைச் சொன்னவனை நாம் மாணாக்கனாக ஏற்பதில்லை.

புறனடை: பதினேழு அகவை ஆயுசு மாத்திரே பெங்களூருவில் 48 பந்தில் 94 எடுத்ததும், நூர் அகமது தொடர் முழுதும் நன்கு வீசியதும், மே 25-இல் அகமதாபாத்தில் குசராத்தை 83 ஓட்டத்தில் வென்றதும் இந்நூலுள் அடங்கா. அவை வெற்றியியல் என்னும் வேறு நூலுக்கு உரியன. அந்நூல் இத்தொடரைப் பொறுத்தவரை நான்கே நூற்பா உடையது. ஒரு தேநீர் ஆறுவதற்குள் ஓதி முடிக்கலாம்.

இன்றைக்கு இவ்வளவே. நாளை வரும்போது 2025-ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியலைக் கீழிருந்து மேலாக மனப்பாடம் செய்து வா. முதல் வரி தடுமாறாது வரவேண்டும்.