அம்மாவின் போனை அம்மாவிடமே ஒப்படைக்கக் கோரும் மனு

பெறுநர்: கணக்கு மீட்புப் பிரிவு, கைபேசி நிறுவனம். (கதவு எண், தெரு தெரியவில்லை. தாங்கள் எங்கும் போட்டு வைக்கவில்லை.)

பார்வை: தங்கள் திரை அறிவிப்பு, 'பிறகு முயலவும்'.

ஐயா அல்லது அம்மா அல்லது இயந்திரம் அவர்களுக்கு,

ராத்திரி சார்ஜ் இறங்கி அம்மாவின் போன் அணைந்துபோனது. காலையில் எழுந்ததும் கைரேகை செல்லாது, பின் நம்பரைப் போடு என்றது. அணைந்து எழுந்த போன் முதல் தடவை விரலை நம்பாது என்பது தங்கள் விதி. விரலை வைத்தே பழகியவருக்கு, வாங்கிய அன்று போட்ட எண் எப்படி நினைவிருக்கும்? ரேஷன் கடையில் அதே விரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார். அரசாங்கம் நம்புகிற விரல் தங்களுக்குப் போதவில்லை. ஆறு இலக்கத்தில் 10 லட்சம் எண்கள் சாத்தியம். அம்மா தன் கல்யாண நாளில் தொடங்கிப் பழைய வீட்டுத் தொலைபேசி எண் வரை வந்தார். ஒவ்வொரு தப்புக்கும் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போனீர்கள்.

உள்ளே இருப்பதைத் திறந்து கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2016இல் சான் பெர்னார்டினோ வழக்கில் ஒரே ஒரு ஐபோனைத் திறக்க அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே கோர்ட் ஏறியது. கடைசியில் வெளியார் உதவியால்தான் திறந்தது. அம்மாவிடம் அவ்வளவு பட்ஜெட் இல்லை. பேரன் படங்களை மறந்து, எல்லாவற்றையும் அழித்தோம்.

அழித்த பிறகுதான் தங்கள் முழுத் திறமை தெரிந்தது. 'முன்பு இதில் இருந்த கணக்கைப் போடு' என்கிறது வெற்றுப் போன். திருடனைத் தடுக்கவாம். கலிஃபோர்னியா இதற்கு 2014இல் சட்டமே போட்டது: 2015 ஜூலை முதல் தயாராகி அங்கே விற்கும் போன்கள், திருடுபோனால் முடங்கும் வசதியோடு வர வேண்டும். நல்ல சட்டம். அங்கே கணக்கை அவரவரே தொடங்கிக்கொள்வார்கள் போலும். எங்கள் ஊரில் போன் விற்ற கடைப் பையனே மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல் போட்டு, வாட்ஸ்அப்பும் ஏற்றி, "எல்லாம் செட் பண்ணிட்டேன்மா" என்று கையில் கொடுப்பான். தனக்கு மின்னஞ்சல் இருப்பதே தங்கள் திரையைப் பார்த்துத்தான் அம்மாவுக்குத் தெரியும். பையன் இப்போது துபாயில்.

சரி, மீட்கலாம் என்று போனால், கணக்கு எந்த மாதம் தொடங்கினீர்கள் என்று கேள்வி. அடுத்து, பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பிவிட்டோம் என்று தகவல். அம்மா அந்த எண்ணை விட்டு வெகுகாலம் ஆகிறது. கைவிட்ட எண்ணை 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்க இந்தியாவில் இடமுண்டு. ஆக, முகம் தெரியாத யாரோ ஒருவர்தான் தங்கள் பதிவேட்டில் தற்சமயம் எங்கள் அம்மா. அவராவது நலமாக இருக்கட்டும்.

வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் ஆளை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, கட்டணமும் வாங்கி, எதிரிலேயே பூட்டை உடைத்துக் கொடுக்கிறார்கள். தங்களிடமோ பில், ஐ.எம்.இ.ஐ. எண், ஆதார், அம்மா ஆகிய நான்கையும் காட்ட ஒரு கவுண்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிறது. 'லாக் எடுத்துத் தரப்படும்' என்று போர்டே மாட்டியிருக்கிறார்கள். பில் கேட்பதில்லை. திருடனுக்கும் அம்மாவுக்கும் ஒரே கட்டணம்.

ஆகவே, பில்லோடு வருபவரிடம் வாய் திறந்து பேச ஊருக்கு ஒரு மனிதரை நியமிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்களுக்கு அறிமுகமில்லாத சாதனத்திலிருந்து, மகன்.

நகல்: பெற்றோருக்குப் போன் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு. கடைப் பையன் போடும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் அங்கேயே ஒரு தாளில் எழுதி வாங்கி, பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுங்கள்.