எட்டுக் காசு பாரம்

மாப்ளே, நேத்து நீ நம்ம திண்ணையில உட்கார்ந்து காபி டம்ளரை ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிச்சதைப் பார்த்தேன். மாமன் வீட்டுக் காபிக்கு இம்புட்டு பயபக்தியான்னு நெஞ்சு நெகிழ்ந்து போச்சு. நீ அந்தப் பக்கம் போனப்புறம்தான் உங்க அத்தை சொன்னா, விரல் நுனிக் கணுவுல சுண்டைக்காய் முளைச்ச மாதிரி வீங்கிக் கிடக்குன்னு. நாப்பது வருஷம் கலப்பை பிடிச்சவன் நான், இன்னைக்கும் ஒத்தைக் கையால குடத்தைத் தூக்குறேன். பத்திர ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து எழுத்தடிக்கிற உனக்கு டம்ளர் தூக்க ரெண்டு கை. நேத்தே சிரிச்சிருப்பேன். அப்ப விஷயம் தெரியாததால இன்னைக்குத் தள்ளி வச்சேன்.

சரி, அதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம் இருக்கே, புதுக் கீபோர்டு! போன்ல படம் காட்டுனியே, சிவப்பு பச்சை நீலம்னு மாறி மாறி எரியுது, பங்குனிப் பொங்கலுக்குப் போட்ட சீரியல் செட்டு மாதிரி. லைட்டு எரிஞ்சா விரல் வலி ஓடிருமாடா? மாட்டுத் தாவணிக்குப் போறவன் கொம்புல அடிச்ச பெயின்டைப் பார்த்தா மாடு வாங்குறான்? வாயைத் திறந்து பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறான். கீபோர்டுக்குப் பல்லு அதோட பட்டன். எம்புட்டு பாரம் வச்சா அது அமுங்குது, அதைப் பாரு முதல்ல.

எப்படிப் பார்க்கிறதுன்னு கேட்பே. உனக்காக டவுன்ல ஒரு கடைக்குப் போய்ப் பார்த்துட்டே வந்துட்டேன். என் மடியில பத்து ரூபாக் காசு ஒரு முடிச்சு கிடக்குல்ல, டீக்கடைக்காரனும் வாங்க மாட்டேங்குறான், கண்டக்டரும் முறைக்கிறான். ரிசர்வ் பேங்க்காரன் செல்லும் செல்லும்னு எத்தனை தடவை சொன்னாலும் நம்ம ஊருக்கு அது கேட்கலை. ஆனா அந்தக் காசு ஒண்ணு 7.71 கிராம் எடை. டீக்குச் செல்லாத காசு எடைக்கல்லாச் செல்லுது பாரு.

கீபோர்டு மூலையில எஸ்கேப்புன்னு ஒரு பட்டன், கடன்காரனைக் கண்டவன் மாதிரி தனியா ஒதுங்கி நிக்கும். அது மேல காசை அடுக்குனாத்தான் பக்கத்துப் பட்டன்ல இடிக்காது. முதல்ல நீ இப்ப அடிக்கிற மாதிரி மட்ட விலை கீபோர்டு ஒண்ணை எடுத்தேன். பட்டனுக்கு அடியில ரப்பர்க் கிண்ணி கவுத்து வச்சிருப்பான். அஞ்சு காசு வச்சேன், அசையலை. ஆறு, ஏழு, கல்லுளிமங்கன் மாதிரி நிக்குது. எட்டாவது காசை வச்சதும் பொசுக்குனு அடிமட்டத்துக்கு விழுந்துச்சு. கணக்குப் பார்த்தா 60 கிராமுக்கு மேல. கடைப் பையன் ஒருத்தன், "தாத்தா, உண்டியல் கோயில்ல இருக்கு"ன்னான். சிரிச்சுக்கிட்டே அடுத்ததை எடுடான்னேன்.

அடுத்தது மெக்கானிக்கல். ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியா ஸ்பிரிங்கு. அதுல நிறம் பார்த்து வாங்கணும், நீ பார்த்த லைட்டு நிறம் இல்ல, உள்ளே இருக்கிற சுவிட்சு நிறம். செர்ரின்னு ஒரு ஜெர்மன் கம்பெனி ஆரம்பிச்சு வச்ச கணக்கு, சீனாக்காரங்களும் பெரும்பாலும் அதையே பின்பத்துறாங்க. சிவப்பு 45 கிராம், வழுவழுன்னு இறங்கும். கறுப்பு 60 கிராம், அந்தப் பக்கமே போகாதே. நீலம் அடிக்கு அடி டிக்கு டிக்குன்னு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டே நீ இன்னும் ஓங்கி அடிப்பே, உன்னைத் தெரியாதா எனக்கு. நான் சிவப்புல அடுக்குனேன். ஆறாவது காசுலயே பாதி இறங்கிருச்சு. பாதி இறங்குனாப் போதும், எழுத்து விழுந்திரும்.

ரெண்டு காசு வித்தியாசத்துல என்ன மாமா வந்திரப் போகுதுன்னு கேட்பே. ஒரு பத்திரப் பக்கத்துக்கு ரெண்டாயிரம் தட்டுன்னு வச்சுக்கோ. தட்டுக்கு 15 கிராம்னா பக்கத்துக்கு முப்பது கிலோ. அரை மூட்டை சிமென்டுக்கு மேல விரல் நுனியால சுமந்து இறக்குறே, கூலியும் வாங்காம.

இப்ப வலிக்கிற இடத்துல கை வைக்கிறேன், கோவிச்சுக்காதே. மெக்கானிக்கல் பட்டன் மொத்தம் நாலு மில்லிமீட்டர் இறங்கும், எழுத்து ரெண்டுலயே விழுந்திரும். மிச்ச ரெண்டு மில்லிமீட்டர் போய்த் தரையில மோதுறது உன் பவிசு. நீ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல இரும்பு மெஷினைக் குத்திக் குத்தி ஹையர் பாஸ் பண்ணவன். கடைசிக் கார்பன் காப்பியிலயும் எழுத்து விழணும்னு அங்கே அடிச்ச அடியை, இன்னைக்குப் பிளாஸ்டிக்குல அடிக்கிறே. தங்கத்துல கீபோர்டு வாங்கித் தந்தாலும் இந்தக் கையோட வந்தா விரல் வீங்கத்தான் செய்யும். பட்டனைத் தொட்டவுடனே எடுத்துப் பழகு. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற மாதிரி தடவு.

அப்புறம் கீபோர்டுக்குப் பின்னாடி ரெண்டு குட்டிக் கால் இருக்கே, அதை மடக்கிப் படுக்க வை. நிமிர்த்தி வச்சா மணிக்கட்டு வானத்தைப் பார்த்து வளையும். வலது கோடியில நம்பர்ப் பட்டன் வரிசை இல்லாத சின்னக் கீபோர்டு கிடைக்குது, மவுசு எட்டுற தூரத்துக்கு வரும். சர்வே நம்பர் அடிக்க அது வேணும்னா தனியா ஒண்ணு வாங்கி இடது பக்கம் போட்டுக்கோ.

தமிழ் அடிக்கிறதுல ஒரு விஷயம். 1999-ல தமிழ்நாட்டு அரசாங்கம் ஏத்துக்கிட்ட தமிழ்99 கீபோர்டு முறையில உயிரெழுத்து இடது கை, மெய்யெழுத்து வலது கை. "அம்மா"ன்னு அடிக்க நாலே தட்டு, புள்ளியை அதுவே வச்சுக்கும். உன்னோட பழைய டைப்ரைட்டர் முறையில புள்ளிக்குத் தனியா ஒரு தட்டு, பாதி எழுத்துக்கு ஷிப்ட்டு வேற. இந்த வயசுல கையை மாத்துறது ரெண்டாங் கல்யாணம் மாதிரி, சிபாரிசு பண்ண மாட்டேன். அதுக்குப் பதிலா ஷிப்ட்டை அஞ்சு தடவை விடாமத் தட்டு, ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்கும்ல, எரிச்சலா மூடுவியே, அதுக்கு ஒரு தடவை ஆமான்னு சொல்லு. அப்புறம் ஷிப்ட்டைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு விரலை இழுக்க வேண்டாம், ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணாத் தட்டலாம்.

வாயால சொன்னாப் போன் எழுதுமேன்னும் சொல்லுவே. நான் பேசிப் பார்த்தேன். "நான்கெல்லைக்குள் பட்ட புஞ்சை"ன்னேன், "நான் கல்லைக்குள் பட்ட பஞ்சை"ன்னு எழுதுச்சு. வீட்டுக் கடுதாசிக்கு ஆகும், பத்திரத்துக்கு ஆகாது. அப்படி எழுதிக் கொடுத்தா உன் விரலுக்கு வாய்தா தேதி எண்ணுற வேலைதான் மிஞ்சும்.

விளையாட்டை விட்டு ஒண்ணு சொல்றேன். காலையில எந்திரிச்சு ஒரு மணி நேரம் ஆகியும் ரெண்டு கை விரலும் மடங்கலை, கணு வீங்கிச் சூடா இருக்குன்னா, கடைக்குப் போகாதே, பெரியாஸ்பத்திரிக்குப் போ. அது முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு மருந்து இருக்கு, கீபோர்டு மருந்து இல்ல.

அப்படி இல்லேன்னா ஒரு நாள் சாயங்காலமாக் கடைக்குப் போ. நாள் பூரா அடிச்சு விரல் முனகுற நேரத்துல தொட்டுப் பார்த்து வாங்கு. காலையில தெம்பா இருக்கிற விரலுக்கு எல்லாப் பட்டனும் இலவம் பஞ்சுதான். காசு எட்டும் அத்தைகிட்டக் கொடுத்து வச்சிருக்கேன், போறப்ப வாங்கிக்கோ. திரும்பி வரும்போது எட்டும் எண்ணி வாங்குவேன்.