வாஷிங்டனுக்குப் போக ஒரு பட்டியல் போதும்

சமூகப் பணியில் பட்டம் வாங்கிவிட்டு அமெரிக்க அரசியலில் குதிக்கத் துடிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில யோசனைகள். விளைவுக்கு நான் பொறுப்பல்ல.

முதலில், உங்கள் தெருவை இடிக்க யாராவது வரும்வரை பொறுத்திருங்கள். பால்டிமோரில் நெடுஞ்சாலைக்காக ஃபெல்ஸ் பாயின்ட் பகுதி வீடுகளில் கை வைக்கப் பார்த்தார்கள். சமூகப் பணியாளர் பார்பரா மிக்கல்ஸ்கி அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு மறித்தார். அந்தச் சாலை வரவேயில்லை. அவர் செனட்டுக்குப் போய் 30 வருடம் இருந்தார்.

உடை விஷயத்தில், பின்னாளில் அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலரான பிரான்சிஸ் பெர்கின்ஸ்தான் குரு. ஆண் அரசியல்வாதிகள் இளம்பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள், அம்மா சொன்னால் கேட்பார்கள் என்று கண்டுபிடித்து, அம்மா மாதிரியே கறுப்பு உடையும் தொப்பியுமாக நடமாடினார். ஆண் மனத்தைப் பற்றிய குறிப்புகளைச் சிவப்பு உறையில் போட்டு வைத்திருந்தாராம். எனக்கு அந்த உறை கிடைத்தால் போதும்.

ஆனால் உறையைவிடப் பட்டியல் முக்கியம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெர்கின்ஸ், சத்தம் கேட்டு ஓடிப்போய் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிவதைப் பார்த்தார். ஜன்னல் வழியே பெண்கள் குதித்தார்கள். செத்தவர்கள் 146 பேர். 1933இல், அதிபராகத் தேர்வான ரூஸ்வெல்ட் தொழிலாளர் துறையைத் தருகிறேன் என்றபோது, அந்தத் தீயை மறக்காத பெர்கின்ஸ் பல்லை இளிக்கவில்லை. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவி, குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் முறைக்குத் தடை, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். மருத்துவக் காப்பீடு தவிர மற்றதெல்லாம் 1938க்குள் சட்டமாயின.

நீங்களும் பட்டியல் போடுங்கள். கூடவே, யாரைக் கைவிடுவது என்றும் பழகிக்கொள்ளுங்கள். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு அன்று அந்த வேலைகள்தான் பிழைப்பு.

கடைசியாக, போர் வந்தால் என்ன செய்வது? சமூகப் பணி படித்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜெனட் ராங்கின் 1941இல் ஜப்பான் மீதான போரை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 388க்கு 1. கோபக்காரக் கூட்டத்துக்குத் தப்பி டெலிபோன் கூண்டுக்குள் புகுந்துகொண்டார். சமூகப் பணியில் முதுகலை முடித்த பார்பரா லீ 2001இல் அதே சபையில், ராணுவத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். 420க்கு 1. கொலை மிரட்டல்கள் வந்து போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது.

எனவே பதவியேற்கும் நாளிலேயே, கட்டடத்தில் டெலிபோன் கூண்டு இன்னும் இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.