வாங்காத கடனுக்குச் சொந்தக்காரர் ஆவது எப்படி?

கடன் வாங்க வழி சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். வாங்காமலே கடன்காரர் ஆக வழி சொல்லத்தான் ஒருவருமில்லை. எனக்கு அதில் ஏழு மாத அனுபவம் இருப்பதால் இலவசமாகவே சொல்லித் தருகிறேன்.

முதலில் வேண்டியது ஒரு ஜெராக்ஸ். தாலுகா ஆபீஸுக்கு எதிரே இருக்கிற கடைகளில் கூட்டம் அதிகமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆதாரையும் பான் கார்டையும் நீட்டுங்கள். பையன் முதல் தடவை எப்படியும் முகவரியைப் பாதியில் வெட்டிவிடுவான். "சாரி சார், வேற போட்டுத் தர்றேன்" என்று கெட்டுப்போன தாளை மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டிக்குள் எறிவான். அதைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். வெட்டுப்பட்டது முகவரிதான், எண் அப்படியே இருக்கிறது. பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும், அங்கிருந்து வடைக்கடைக்கு. ஒருமுறை உளுந்துவடை மடித்துவந்த தாளைப் பிரித்தேன். எண்ணெய்க் கறைக்கு நடுவிலிருந்து யாரோ ஓர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று இருந்தன. வடை ஆறிவிடுமே என்ற கவலைதான் அன்று எனக்கு இருந்தது.

கடை வரைக்கும் நடக்கச் சோம்பல்படுகிறவர்கள் புரோக்கருக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம். லாட்ஜ் ரிசப்ஷனில் அசலையே விட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். பிரதியின் குறுக்கே 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்க முடியும். இரண்டுமே நம் காரியத்தைக் கெடுத்துவிடும். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் பிரதியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே தைரியமாகக் கொடுங்கள்.

இத்துடன் உங்கள் பங்கு முடிந்தது. மிச்சத்தை இன்னொருவர் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு மட்டும்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனே, தன் பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகப் புகார் சொன்னார். அவர் பெயருக்கே இரண்டாயிரம்தான். என் பெயருக்கு 41,200 ரூபாய் கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நான் கால் வைத்திராத ஓர் ஊரில், நான் பார்த்திராத ஒரு கடையில், தவணைக்கு ஒரு செல்போன் வாங்கியிருக்கிறேன். முதல் இரண்டு தவணைகளை ஐந்தாம் தேதியே கட்டியும் இருக்கிறேன். சொந்த வண்டிக்கடனில்கூட நான் அவ்வளவு நாணயமாக இருந்ததில்லை. மூன்றாம் மாதம்தான் எனக்கும் எனக்கும் நடுவே ஏதோ மனஸ்தாபம்.

விஷயம் உங்களுக்குத் தெரியவருவது தொலைபேசி வழியாக. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. எனக்கு வாய்த்த தம்பி சட்டத்தை மதிக்கிறவர், சரியாக 8.01-க்குக் கூப்பிடுவார்.

"சார், மூணு தவணை நிக்குது."

"நான் எந்தக் கடனும் வாங்கலையே தம்பி."

"எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க."

"அந்தப் போனே எங்கிட்ட இல்லப்பா."

"அப்ப வித்துட்டீங்களா சார்?"

அவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் கையில் இருப்பது பெயரும் நம்பரும் தொகையும் மட்டுமே. இந்தக் கட்டத்தில் வீட்டில் ஒருவர் ஆலோசனை சொல்லுவார். எனக்கு மச்சினன் சொன்னான்: "சின்னத் தொகைதானே அத்தான், கட்டித் தொலைச்சிருங்க. நிம்மதியா இருக்கலாம்." வாங்காத கடனை முழுசாகச் சொந்தமாக்கிக்கொள்ள இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஒரு தவணை கட்டினால் போதும், கடன் என்னுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி எடுத்துக்கொள்வார்கள். பேரம் பேசிப் பாதியைக் கட்டினால் உங்கள் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுக்கடனையும் கட்ட வக்கில்லாதவர் என்று அடுத்த வங்கி அதைப் படித்துக்கொள்ளும்.

அடுத்து காவல் நிலையம். ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க பணம் எவ்வளவு போச்சு?"

"எதுவும் போகலைங்க ஐயா. நான் வாங்கின மாதிரி காட்டுது."

"அப்ப வந்திருக்குன்னு சொல்லுங்க."

அடுத்தவர் அடையாளத்தை வைத்து மோசடி செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதை நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவருக்கும் தெரியும். ஆனால் யாரைப் பிடிப்பது? ஆதாரின்படி குற்றவாளியின் பெயரும் என் பெயர்தான், தகப்பனார் பெயரும் என் தகப்பனார் பெயர்தான். நாலு நடை நடந்தபின், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்தத் துண்டுத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், மற்ற எல்லா இடத்திலும் முதலில் கேட்பது அதைத்தான். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கும் பேசினேன். கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிற பணத்தை வழியில் மறிக்க அது நல்ல எண். என் பிரச்சினையில் மறிக்கப் பணம் எங்கே இருக்கிறது?

அதற்கும் அடுத்து சிபில். ஏதோ அரசாங்க ஆபீஸ் என்றுதான் நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். அது ஒரு கம்பெனி. அதைப்போல இன்னும் மூன்று இருக்கின்றன: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். நாம் கடன் கட்டும் ஒழுங்கைப் பார்த்து அறிக்கை எழுதி, 300-லிருந்து 900 வரைக்கும் நமக்கு மார்க் போடுகிறவர்கள். சிபில் தளத்தில் 'இந்தக் கடன் என்னுடையதல்ல' என்று தட்டிவிட்டு, கடுதாசி போட்ட ஆள் மாதிரி காத்திருந்தேன். அவர்கள் செய்வது இவ்வளவுதான்: கடன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, இவருக்கு நீங்கள் கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். அது, ஆமாம் கொடுத்தோம் என்று சொல்லும். உங்கள் ஆட்சேபம் நிராகரிக்கப்படும். நிறுவனம் சம்மதிக்காமல் அறிக்கையில் ஒரு வரியை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பாலில் தண்ணீர் உண்டா என்று பால்காரரிடமே கேட்டு அறிக்கை கொடுப்பது போல.

ஆகவே நிறுவனத்திடமே போனேன். இங்கே ஒரு விஷயத்தை வேடிக்கை இல்லாமல் சொல்லிவிடுகிறேன். 'நான் வாங்கவில்லை' என்று நூறு தடவை சொல்வதைவிட, 'கடன் விண்ணப்பம், அதிலுள்ள படம், கையெழுத்து, பொருளை வாங்கிக்கொண்ட ரசீது, தவணை பிடித்த வங்கிக் கணக்கு, இவற்றைக் காட்டுங்கள்' என்று ஒரே தடவை எழுத்தில் கேட்பது மேல். மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

கேட்டதும் பதில் வந்தது: தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க ஆதார், பான் கார்டு நகல்களில் கையொப்பமிட்டு அனுப்பவும். ஜெராக்ஸால் வந்த வினையைத் தீர்க்க இன்னொரு ஜெராக்ஸ். அதே தாலுகா ஆபீஸ், அதே கடை. பையன் மட்டும் மாறியிருந்தான்.

ஆறு வாரம் கழித்து ஆவணங்கள் வந்தன. ஆதார் என்னுடையது. செல்ஃபியில் இருந்தவர் என்னைவிட இருபது வயது இளையவர், தலை நிறைய முடி. கையெழுத்து ஆங்கிலத்தில், கடைசியில் ஒரு சுழி. நான் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து தமிழில் கையெழுத்துப் போடுகிறவன். 'படத்தில் இருப்பவர் நானல்ல' என்று எழுதினேன். 'எங்கள் பதிவுகளின்படி அது தாங்கள்தான்' என்று பதில் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். அவருக்கு நானாக மாற ஐந்து நிமிடமும் ஓர் ஓ.டி.பி.யும் போதுமாக இருந்திருக்கின்றன. ஓ.டி.பி. போன நம்பரும் என்னுடையதல்ல. எனக்கு நானாக மாற நோட்டரி கையெழுத்துடன் ஒரு பிரமாணப் பத்திரம், சி.எஸ்.ஆர். ரசீது, பாஸ்புக், வங்கி மேலாளரின் சான்று, இத்தனையும் தேவைப்பட்டன.

கடைசியில் வேலை செய்தது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டம். 2021 நவம்பரில், முன்பிருந்த தனித்தனித் திட்டங்களை ஒன்றாக்கிக் கொண்டுவந்தது, செலவில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பொறுத்திருக்க வேண்டும், அல்லது அவர்கள் புகாரைத் தள்ளியிருக்க வேண்டும். அங்கே புகார் பதிவான பத்தாம் நாள், எட்டு மணித் தம்பியின் மேலதிகாரி என்னை 'ஐயா' என்று கூப்பிட்டார்.

30 நாளுக்குள் அறிக்கையைத் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. அடுத்த ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. என் புகார் 97-ஆம் நாள் தீர்ந்தது. 67 நாளுக்கு 6,700 ரூபாய். ஜெராக்ஸ், நோட்டரி, பஸ், நான்கு நாள் லீவு எல்லாம் கூட்டினால் நஷ்டம்தான். இருந்தாலும் அந்தப் போனில் நான் சம்பாதித்த ஒரே காசு அது.

கடன் நீங்கிவிட்டது. ஆனால் என் சிபில் அறிக்கையில் முகவரிகள் என்ற இடத்தில் இன்னும் இரண்டு இருக்கின்றன. இரண்டாவதை எடுக்கத் தனியாக விண்ணப்பித்திருக்கிறேன். நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017-லிருந்து விதி. உங்களுடையதை இன்றைக்கே எடுத்து, கடன் பட்டியலுக்கு முன்னால் முகவரிப் பட்டியலைப் பாருங்கள்.