கூத்து வாத்தியங்களை வீட்டில் வைத்து வரையும் முறை

செஞ்சியில் வாத்தியங்களை வைத்து நிலைப்பொருள் ஓவியம் தீட்ட நினைப்பவர் முதலில் வீணையைத் தேடுகிறார். தஞ்சாவூர் வீணையின் யாளி முகமும் குடமும் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் ஒலி அதுவல்ல. மேலச்சேரியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைக்கும்போது விடிய விடிய நடக்கும் கூத்தில் கேட்பவை முகவீணை, மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம். ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஆய்வுநூல், செஞ்சியில் தொடங்கிக் குருக்ஷேத்திரத்தில் முடிவதாகவே தலைப்பிடப்பட்டது. செஞ்சிக்காரர் வரைய வேண்டியவை இந்த வாத்தியங்கள்தான் என்பது என் துணிபு. இவற்றோடு பூசாரியின் பம்பையும் சேர வேண்டும்.

வரைய ஏற்ற காலம் மழைக்காலம். கோடைத் திருவிழாக்கள் முடிந்து வாத்தியங்கள் வீட்டில் இருக்கும். மேகம் மூடிய பகலில் வடக்குச் சன்னல் வெளிச்சம் நெடுநேரம் மாறாது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிப்பவருக்கு அது தொல்லை, வரைபவருக்கு இல்லை. மேசை வேண்டாம். கோரைப்பாயில் வையுங்கள். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் பெஞ்சில் அமர்ந்தாலும், வீட்டில் வாத்தியம் கிடக்கும் இடம் பாய்தான்.

மிருதங்கத்தைப் படுக்கவைத்தால் அதன் வாய் நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் நீண்ட அச்சு, உடலின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். இது பிசகினால் வார்களை எத்தனை அழகாகத் தீட்டினாலும் மிருதங்கம் நிமிராது. பலாமரத்துக்கு யெல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் போதும். பக்கத்துப் பனைமலைக் கோயிலில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்து அம்மன் ஓவியம் இன்றும் சுவரில் நிற்பதும் மண்ணிறங்களால்தான். வலப்பக்க வாயான வலந்தலையின் நடுவிலுள்ள கரணைக்குக் கறுப்பை அப்படியே அள்ளிப் பூசாதீர்கள். சோறும் கல்பொடியும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்தது அது. சாய்ந்த வெளிச்சத்தில் நடுவே சாம்பல்நீலம் மின்னும். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். ஒரு முழுக் காலைப்பொழுதை இதற்கே ஒதுக்கலாம்.

இத்தாலியின் பெர்காமோ நகரில் எவரிஸ்டோ பாஸ்கெனிஸ் (1617–1677) என்ற பாதிரியார் வாத்தியங்களை வரைந்தே பெயர் பெற்றார். அவர் கவிழ்த்து வைத்த லூட் என்ற நரம்பு வாத்தியத்தின் முதுகில் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் விரல் இழுத்த தடமும் இருக்கும். ஆளில்லாத படத்தில் வாசித்தவரைக் கொண்டுவந்து நிறுத்தும் வழி இதைவிட வேறில்லை. ஆகவே துணியும் எண்ணெயும் கொண்டு வாத்தியங்களைத் துடைக்காதீர்கள். ஆர்மோனியத்தில் சில கட்டைகள் மட்டும் மஞ்சளேறித் தேய்ந்திருக்கும். பாடகரின் சுருதி எது என்பதை அவையே சொல்லும். முகவீணையின் துளைகளைச் சுற்றி விரல்பட்ட மரம் கறுத்து மினுங்கும். பம்பையின் கயிற்றில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருக்கும். இவற்றை விட்டுவிட்டால் கடையில் விற்பனைக்கு வைத்த பொருளைத்தான் வரைந்திருப்பீர்கள்.

படம் காய்ந்ததும் முதலில் வாத்தியக்காரரிடம் காட்டுங்கள். நிறத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பம்பையின் இரு மேளங்களில் எது மேலே, எது கீழே, முடிச்சு எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார். அவர் சொல்லும் திருத்தத்தை அன்றே போட்டுவிடுங்கள்.